70 வளைவு... மக்கர் பண்ணிய பத்மினி!

கொல்லிமலை போயிருக்கீங்களா? போகலைன்னா இந்த லீவுக்கே கிளம்பிடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. வழியில வண்டியை நிறுத்திட்டு வேடிக்கை பார்க்க இறங்குவீங்க இல்லையா... அப்போ சாவி எங்க இருக்கும்? பாக்கெட்லயா, வண்டியிலயா? சிரிக்காதீங்க. இந்தக் கேள்விக்கு பதில் தெரியாம நாங்க ஒரு நாள் முழுக்க மலையில முழிச்சோம்.

2024 மே மாசம். செமஸ்டர் முடிஞ்ச கையோட நாமக்கல்லில் நாலு பேர் சேர்ந்தோம். ஒருத்தன் கொல்லிமலைக்காரன். அவனோட ஆயாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. மறுநாள் காலையில நாமக்கல்லில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குள்ள அட்மிட் ஆகணும். "பஸ்ல வந்தா ஆயாவுக்கு வாந்தி வந்துரும்டா" என்றான். "எங்க மாமா கார் இருக்கே!" என்று வாய் விட்டவன் நான்.

மாமாவின் கார், 1996 மாடல் பிரீமியர் பத்மினி. வெள்ளை நிறம். ஸ்டீயரிங்கிலேயே கியர். மும்பையில் டாக்ஸியா ஓடிக்கிட்டு இருந்த கடைசி பத்மினிகூட 2023 அக்டோபரோட ரிட்டையர் ஆகிடுச்சு. மாமாவுக்கு மட்டும் இன்னும் அது மேல காதல். ஆனா காதலிக்கு ஒரு வியாதி. காலையில எழுப்பினா ஒரே செல்ஃபில் கிளம்பும். எவ்வளவு தூரம் வேணாலும் ஓடும். சூடா இருக்கும்போது நிறுத்தினா போச்சு, மறுபடி கிளம்பாது. அதுவும் எப்பவும் இல்லை, சில நாள் மட்டும். அரை மணி நேரம் கழிச்சு செல்ஃப் அடிச்சா எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். டவுன் பட்டறைக்குக் கொண்டு போனா, அங்க போய்ச் சேர்ந்து போனெட்டைத் திறக்கிறதுக்குள்ள ஆறிப் போயிருக்கும். "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். ரெண்டு வருஷத்தில் மாமா பேட்டரி மாத்தினார், பிளக் மாத்தினார், கார்பரேட்டர் கிட் மாத்தினார், பெட்ரோல் பம்ப்பையே மாத்தினார். வியாதி மட்டும் மாறலை. "இந்த வருஷத்தோட எடைக்குப் போட்டுடறேன்டா" என்று சொல்லிக்கிட்டு இருந்தவர், எங்களிடம் சாவியைக் கொடுக்கும்போது, "வழியில நிறுத்தாம போங்க" என்று மட்டும் சொன்னார்.

கொல்லிமலைக்கு நிறுத்தாம போறதா? நடக்கிற காரியமா அது!

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி வந்ததும் மலை சட்டுனு எழுந்து நிக்கும். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வச்சிருப்பாங்க. முதல் பத்து வரைக்கும் எல்லாரும் சத்தமா எண்ணுவோம். இருபதில் ஒருத்தன் தூங்குவான். நாற்பதில் ஒருத்தன் எலுமிச்சம்பழம் கேப்பான். பத்மினியோ செகண்ட் கியரிலும் ஃபர்ஸ்ட் கியரிலும் முனகிக்கிட்டே ஏறுச்சு. கீழே வயல், தென்னந்தோப்பு எல்லாம் யாரோ பாய் விரிச்சு அடுக்கி வச்ச மாதிரி. ஜன்னல் வழியா வர்ற காத்து வளைவுக்கு வளைவு குளிர்ந்துக்கிட்டே வரும். அந்த சுகத்தை ஏ.சி. காரில் போறவங்களுக்கு விளக்கிச் சொல்ல முடியாது.

மேலே ஏறினதும் ஒரு திருப்பத்துல நிறுத்தினோம். கதவு நாலையும் திறந்து விட்டு, ஸ்டீரியோவை அலற விட்டு, பாறை மேல உட்கார்ந்து போட்டோ. கால் மணி நேரம் இருக்கும். திரும்ப வந்து செல்ஃப் அடிச்சா... ர்ர்ர் ர்ர்ர் என்று நல்லா சுத்துது. கிளம்பலை.

எங்க பின்சீட்டு விஞ்ஞானி உடனே தீர்ப்பு சொன்னான். "மச்சி, இது வேப்பர் லாக்!" அவன் சொன்னது உளறல் இல்லை. பழைய கார்பரேட்டர் வண்டிகள்ல பெட்ரோல் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கும். மெக்கானிக்குங்க அதை ஏ.சி. பம்ப் என்பார்கள். அது பின்னாடி டாங்கில் இருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கணும். பெட்ரோல் பல எண்ணெய்களோட கலவை. அதில் லேசான பகுதிகள் நாற்பது டிகிரி பக்கத்திலேயே ஆவியாக ஆரம்பிச்சிடும். உறிஞ்சுற குழாய்க்குள்ள அழுத்தம் வேற குறைவு. மலை மேல காத்தழுத்தமும் குறைவு. எல்லாம் சேர்ந்தா குழாய்க்குள்ள ஆவிக்குமிழி உருவாகும். பம்ப் அந்த ஆவியையே அமுக்கிக்கிட்டு இருக்குமே தவிர பெட்ரோலை நகர்த்தாது.

இன்ஜின் ஓடும்போது வராத பிரச்னை நிறுத்தினதும் ஏன் வருது? ஓடும்போது ஃபேன் சுத்துது, தண்ணி ஓடுது, காத்து அடிக்குது. நிறுத்தின நிமிஷம் இது மூணும் நின்னுடும். இன்ஜினில் இருக்கிற சூடு மட்டும் எங்கேயும் போகாம போனெட்டுக்குள்ள பரவும். அதனால நிறுத்தின பிறகு பத்து, இருபது நிமிஷத்துக்கு உள்ளே இருக்கிற பாகங்கள் ஓடும்போது இருந்ததை விட அதிகமா சூடாகும். டீ குடிச்சிட்டு வர்றதுக்கு சரியா அவ்வளவு நேரம்தானே ஆகும்?

ஆக, துண்டை நனைச்சு பம்ப் மேல போட்டோம். இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு செல்ஃப் அடிச்சோம். கிளம்பிடுச்சு! விஞ்ஞானியைத் தோளில் தூக்காத குறை. ரெண்டு வருஷமா ஒருத்தரும் கண்டுபிடிக்காததை பையன் ஒரு துண்டில் முடிச்சிட்டான் என்று ஒரே ஆட்டம்.

அந்த ஆட்டத்தோட சோளக்காடு. பலாப்பழ வாசனை ரோடு வரைக்கும் வந்து கூப்பிடும். அங்கே அன்னாசியை நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் தூவித் தர்றாங்க பாருங்க... அதுக்காகவே இன்னொரு தடவை எழுபது வளைவு ஏறலாம். அப்புறம் அறப்பளீஸ்வரர் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல படிக்கட்டு. இறங்கும்போது கவிதை, ஏறும்போது கணக்குப் பரீட்சை. மே மாசம் என்பதால் தண்ணி கம்மி. ஆனாலும் முந்நூறு அடி உசரத்தில் இருந்து அது காத்தில் கலைஞ்சு தூவானமா மேல விழும்போது வீட்டு ஞாபகமே வராது. மூணு மணி நேரம் கழிச்சு மேல வந்தோம். வண்டியைப் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போயிருந்தோம். ஒரே செல்ஃபில் கிளம்பிடுச்சு.

இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

நண்பன் ஊரில் சோறு, கீரை, ரசம். ஆயாவை முன்சீட்டில் உட்கார வச்சோம். ஒரு துணிப்பை, ஒரு வெத்தலைப் பெட்டி, அவ்வளவுதான் லக்கேஜ். காரைத் தடவிப் பார்த்துட்டு, "மஞ்சக் காரா இது, நல்லா இருக்கு" என்றார். வெள்ளைக் காரை மஞ்சள் என்கிறாரே என்று நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

செம்மேட்டில் மிளகு வாங்க நிறுத்தினோம். ஆயாவுக்குப் போரடிக்கக் கூடாதே என்று பழைய பாட்டு போட்டு விட்டு இறங்கினோம். வந்து செல்ஃப் அடிச்சா... மறுபடியும் ர்ர்ர் ர்ர்ர். மணி நாலேகால்.

துண்டை நனைச்சு பம்ப் மேல போட்டோம். அஞ்சு நிமிஷம். அடிச்சோம். இல்லை. மறுபடி நனைச்சோம். இல்லை. ஆயா ஒண்ணும் கேக்கலை, அதுதான் கஷ்டமா இருந்தது. அப்போ எங்களில் ஒருத்தன் சொன்னான்: "வளைவு ஆரம்பிக்கிற வரைக்கும் தள்ளிடுவோம். அப்புறம் நியூட்ரலில் உருட்டிக்கிட்டே இறங்கிடலாம். இறக்கம்தானே?" வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நானும் தலையாட்டினேன்.

பக்கத்தில் பலாப்பழம் ஏத்திக்கிட்டு இருந்த மினி லாரி டிரைவர் அண்ணனுக்கு அது காதில் விழுந்துடுச்சு. நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். வந்தவர் முதல்ல திட்டினார். "எழுபது வளைவு தம்பி. இன்ஜின் ஓடாம இறங்கினா கியர் புடிச்சு நிறுத்தாது. முழு பாரமும் பிரேக் மேலதான். பாதி வழியில பிரேக் காஞ்சு போய் மிதிச்சா உள்ள போகும், வண்டி நிக்காது. பெரியம்மாவை உட்கார வச்சுக்கிட்டு செய்யற வேலையாங்க இது?" நாங்க வாயே திறக்கலை.

நாமக்கல் பக்கத்து டிரைவர் என்றால் பாதி மெக்கானிக் என்று வச்சுக்கோங்க. லாரி பாடி கட்டுறதுக்குப் பேர் போன ஊர், பட்டறைச் சத்தத்தோட வளர்ந்தவங்க. போனெட்டைத் திறந்தவர் பம்ப் மேல இருந்த ஈரத்துண்டைப் பார்த்துட்டு, "காலையில எவ்வளவு நேரம் கழிச்சுக் கிளம்புச்சு?" என்றார். இருபத்தஞ்சு நிமிஷம் என்றோம். "துண்டு போடாம இருந்தாலும் கிளம்பியிருக்கும்" என்றார். விஞ்ஞானி முகம் தொங்கிடுச்சு. யோசிச்சா சரிதானே? நாங்க துண்டும் போட்டோம், காத்துக்கிட்டும் இருந்தோம். எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?

"சூடு ஆறுறதுக்குள்ள பாக்கணும். ஆறிட்டா ஒண்ணும் தெரியாது" என்றபடியே வேகமா ஆரம்பிச்சார். சக்கரத்துக்குக் கல் வச்சாச்சா என்று பார்த்தார். பெட்ரோல் எங்கேயாவது ஒழுகுதா என்று பார்த்தார். ரேடியேட்டர் மூடி பக்கம் கையைக் கொண்டு போனவனைத் தட்டி விட்டார், சூடா இருக்கும்போது திறந்தா கொதி தண்ணி முகத்தில் அடிக்கும். அப்புறம் செல்ஃப் அடிக்கச் சொன்னார். நல்லாச் சுத்துது, அதனால பேட்டரி, செல்ஃப் மோட்டார் ரெண்டும் தப்பிச்சது. அடுத்து ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை மிதிக்கச் சொன்னார். கார்பரேட்டர் தொண்டைக்குள்ள பெட்ரோல் சர்ருனு பீய்ச்சி அடிச்சது. "பெட்ரோல் வந்து நிக்குது. பம்ப்பை எதுக்குக் குளிப்பாட்டுறீங்க?"

எல்லாத்தையும் மூடிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் இருக்கிற தடிச்ச ஒயரை உருவினார். கைப்பிடியில் ரப்பர் போட்ட கட்டிங் பிளேயரால் பிடிச்சு, நுனியை இன்ஜின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் பக்கத்தில் வச்சார். செல்ஃப். நல்ல வண்டியில் பளிச்சுனு நீல நிறத்தில் பொறி பறக்கணும், டக் டக்குனு சத்தமும் கேக்கணும். எங்க வண்டியில் மங்கலா, மஞ்சளா, விட்டு விட்டு... இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பார்க்க வேண்டியிருந்தது. (இதை நீங்க வெறுங்கையில் முயற்சி பண்ணாதீங்க. அந்த ஒயரில் வர்றது ஆயிரக்கணக்கான வோல்ட்.)

"இப்ப துண்டைக் குடுங்க." நல்லாப் பிழிஞ்சு, இக்னிஷன் காயில் மேல மட்டும் சுத்தினார். பம்ப் பக்கம் தண்ணி படக் கூடாது என்று கண்டிப்பா சொன்னார். ரெண்டு தடவை நனைச்சு மாத்தினார். நாலு நிமிஷம்கூட ஆகலை. மறுபடி செல்ஃப். டக் டக் டக்... நீலம்! ஒயரை மாட்டி அடிச்சா கிளம்பிடுச்சு. ஒரே ஒரு பாகத்தை மட்டும் குளிர வச்சு, மத்ததெல்லாம் சூடாவே இருக்க, வண்டி கிளம்பினா குத்தவாளி அந்தப் பாகம்தான். ரெண்டு வருஷமா யாருக்கும் தோணாத பரிசோதனை ஒரு ஈரத்துண்டில் முடிஞ்சது. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை இருக்கு தெரியுமா? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று அஞ்சையும் துளைச்சதா சொல்ற அதே ஓரி. எங்க மாமா நாலு அம்பு விட்டார். ஒரு உடும்புகூட விழலை.

கிளம்பும்போது அண்ணன் கேட்டதுதான் முதல் வரியில் நான் உங்களைக் கேட்ட கேள்வி. "நிறுத்திட்டு இறங்கினப்போ சாவி எங்க இருந்துச்சு?"

வண்டியில்தான். ஆன் நிலையில். ஏன்னா, மாமா கார் ஸ்டீரியோவை மாட்டினவங்க இக்னிஷன் ஒயரோட சேர்த்து விட்டிருந்தாங்க. சாவியை ஆன் பண்ணாத்தான் பாட்டு. காலையில பாறை மேல உட்கார்ந்தப்போ டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தது. அழகா இருக்குன்னு போட்டோகூட எடுத்தோம்!

பாட்டுக்கும் காயிலுக்கும் என்ன சம்பந்தம்? பிளஸ் டூ இயற்பியலைத் தூசு தட்டுங்க. பாயின்ட் வச்ச பழைய வண்டியில், இக்னிஷன் ஆனில் இருந்து பாயின்ட் மூடியிருந்தா, இன்ஜின் ஓடாட்டியும் காயிலுக்குள்ள கரன்ட் ஓடிக்கிட்டே இருக்கும். இந்த மாதிரி காயிலோட மின்தடை சுமார் 3 ஓம். பேட்டரி 12 வோல்ட். அப்போ 4 ஆம்பியர், கிட்டத்தட்ட 48 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் பார்ப்பீங்களே 25 வாட் சால்டரிங் அயர்ன், அது மாதிரி ரெண்டை காயிலுக்குள்ள சொருகி கால் மணி நேரம் வச்ச கதை. போனெட்டுக்குள்ள இருக்கிற சூடு தனி.

அப்போ ஏன் சில நாள் மட்டும் வந்தது? இன்ஜின் நிக்கும்போது பாயின்ட் மூடின நிலையில் நின்னா காயில் வேகும். திறந்த நிலையில் நின்னா ஒண்ணும் ஆகாது. நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு சுத்தில் பாதிக்கு மேல பாயின்ட் மூடித்தான் இருக்கும். அதனாலதான் நாலு நாள் வந்து ரெண்டு நாள் வராம மாமாவுக்குத் தண்ணி காட்டியிருக்கு. அறப்பளீஸ்வரர் கோயில்ல சாவியை எடுத்துட்டோம், அங்க காயிலும் தப்பிச்சது.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வரணும். காயில் அவ்வளவு மோசம்னா ஓடும்போது ஏன் நிக்கலை? சூடாக ஆக செம்புக் கம்பியோட தடை ஏறும், பத்து டிகிரிக்கு சுமார் நாலு சதவீதம். பழைய காயில்னா உள்ளே இன்சுலேஷனும் வெடிச்சிருக்கும். பொறி வலுவிழக்கும். ஆனா ஓடுற வண்டியில் காயிலுக்குச் சுமார் 14 வோல்ட் கிடைக்குது, சமாளிச்சுக்கும். செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் கரன்ட்டை உறிஞ்சிடுறதால பேட்டரி 10 வோல்ட் பக்கத்துக்கு இறங்கிடும். நோஞ்சான் காயில் அங்கதான் மண்ணைக் கவ்வும். அதனால, சூட்டில் செல்ஃபுக்குக் கிளம்பாத பழைய வண்டி, சமதளத்தில் தள்ளினா மட்டும் கிளம்புதுன்னா, பெட்ரோலை விட்டுட்டு கரன்ட் பக்கம் முதல்ல பாருங்க.

உங்க வீட்டில் இருக்கிறது புது காரா? அதில் பாயின்ட் கிடையாது. பம்ப்பும் டாங்குக்குள்ள இருந்து அழுத்தத்தோட தள்ளுறதால வேப்பர் லாக் ரொம்ப அபூர்வம். ஆனா சூட்டில் கிளம்பாத வியாதி அதுக்கும் உண்டு. அடிக்கடி மாட்டுற ஆள் கிராங்க் சென்சார். செல்ஃப் சுத்தும்போது ஆர்.பி.எம். முள் துளிகூட அசையலைன்னா (சில கார்ல நல்லா இருந்தாலும் அசையாது) அது மேல சந்தேகப்படலாம். பெட்ரோல் வாடை குப்புனு அடிச்சா கதை வேற, உள்ளே பெட்ரோல் அதிகமாகியிருக்கும். எதுவா இருந்தாலும் சூடா இருக்கும்போதே ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்க. பழைய வண்டி வச்சிருக்கவங்க ரப்பர் குழாய்களையும் ஒரு தடவை பார்த்துடுங்க. இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஒத்துக்கறதில்லை.

சரி, மலைக்கு வருவோம். "நாமக்கல் போற வரைக்கும் இன்ஜினை அணைக்காதீங்க. பாட்டு வேண்டாம். செகண்ட் கியரை விட்டு எடுக்காதீங்க" என்று மூணு கட்டளை. காசு கொடுத்தா வாங்கலை, ஒரு டீயோட சரி. நாங்க எழுபதில் இருந்து ஒண்ணு வரைக்கும் தலைகீழா எண்ணிக்கிட்டே இறங்கினோம். யாரும் தூங்கலை. குரங்குகள் வரிசையா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. முப்பதாவது வளைவு பக்கம் ஆயா மெதுவா, "பாட்டு எங்கப்பா?" என்று கேட்டார். நாலு பேரும் ஒரே குரலில், "ரிப்பேர் ஆயா!" ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசல்.

மாமாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அத்தை கோயிலுக்குள்ள போற நேரமெல்லாம் மாமா வெளியே காரில் உட்கார்ந்து பாட்டு கேட்பார், அது எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "பாட்டு கேட்டதுக்காடா பம்ப் மாத்தினேன்?" என்றார் கடைசியா. புது காயில் போட்டு, ஸ்டீரியோ ஒயரைப் பிரிச்சு ஃபியூஸோட பேட்டரிக்குத் தனியா இழுத்தாச்சு. கார் எடைக்குப் போகலை.

நாலு நாள் கழிச்சு ஆயாவைத் திரும்பக் கொண்டு போய் விட்டோம். வழியில் வேணும்னே அதே திருப்பத்துல நிறுத்தினோம். சாவி என் பாக்கெட்டில், பாட்டு ஸ்டீரியோவில். கால் மணி நேரம் கழிச்சு அடிச்சேன், ஒரே செல்ஃப். நாங்க கத்தின கத்தில் ஆயா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிட்டு, ஆபரேஷன் பண்ணின கண்ணால் போனெட்டையே பார்த்துக்கிட்டு இருந்தவர் கேட்டார்:

"அன்னிக்கு மஞ்சக் கார்ல இல்ல வந்தோம்? இது வெள்ளையா இருக்கே... வேற காராப்பா?"